தேன் நல்லதுதான், எதற்குப் பதிலாக?

எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில், சோயா போத்தலுக்குப் பக்கத்தில், சென்ற ஆண்டு ஒரு தேன் போத்தல் வந்து உட்கார்ந்தது. வாங்கி வந்தவள் நான். அதை அப்பாவிடம் கொடுத்தபோது நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "இது இதயத்துக்கு நல்லதுப்பா."

நான் உயிர்மருத்துவ அறிவியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. நான் சொன்ன அந்த வாக்கியத்தை வீட்டில் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 'பிள்ளை பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், தெரிந்துதான் சொல்வாள்' என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் படிவத்தில் இருந்தபோது அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. கிள்ளானில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் அவர். வேலை நேரத்தில் நெஞ்சு வலித்தது. 'காற்று பிடித்திருக்கும்' என்று மருந்தெண்ணெய் தேய்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சமாளித்தவரை நண்பர்கள்தான் வற்புறுத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அடைபட்ட இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று முதல் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய மாத்திரைகள். அவற்றில் ஒன்று இரவில் போடும் 'கொழுப்பு மாத்திரை', அட்டோர்வாஸ்டேட்டின்.

சென்ற ஆண்டு எங்கள் துறையினர் ஒரு கெலுலுட் தேன் பண்ணைக்குக் கல்விச் சுற்றுலா போனோம். கெலுலுட் என்பது கொட்டாத தேனீ. தமிழ்நாட்டில் இதன் உறவுக்காரத் தேனீயைக் கொசுத்தேனீ என்பார்கள். பெயருக்கு ஏற்றபடி கொசு அளவுதான் இருக்கும். கொடுக்கு இல்லை என்ற தைரியத்தில் கூட்டுக்கு அருகே போனேன். கொட்டவில்லைதான், ஆனால் தலைமுடிக்குள் புகுந்து கடித்துத் தள்ளிவிட்டன. வெட்டிய மரத்துண்டின் மேல் ஒரு பலகைப் பெட்டி வைத்திருந்தார்கள். கூட்டுக்குள் போகும் வழி, பிசினால் செய்த ஒரு சிறிய குழாய். மூடியைத் திறந்தால் நமக்குப் பழக்கமான அறுகோண அறைகள் எதுவும் இல்லை. திராட்சைக் குலைபோலப் பழுப்பு நிறத்தில் குட்டிக் குட்டிப் பானைகள். மெழுகும் மரப்பிசினும் கலந்து தேனீக்களே வனைந்தவை. பண்ணைக்காரர் உறிஞ்சுகுழல் ஒன்றைக் கொடுத்து ஒரு பானையில் குத்திக் குடிக்கச் சொன்னார். வாயில் பட்டதும் முகம் சுளித்தேன். புளிப்பு! எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்ததுபோல, அதற்குப் பின்னால் லேசான மரவாசனை.

அங்கே தொங்கிய ஒரு விளம்பரத் தாளில் இதயம், நீரிழிவு, இரத்த அழுத்தம், புற்றுநோய் என்று பெரிய பட்டியலே இருந்தது. பட்டியல் நீளமாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும் என்று முதலாம் ஆண்டிலேயே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் அப்பாவுக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்ற ஆசை முந்திக்கொண்டது. உதவிப் பணத்தில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு இரண்டு போத்தல் வாங்கினேன்.

அப்பா தினமும் காலையில் ஒரு மேசைக்கரண்டி, இரவில் ஒரு மேசைக்கரண்டி எடுத்துக்கொண்டார். கெலுலுட் தீர்ந்ததும் பேரங்காடியில் கிடைத்த மலிவான தேனுக்கு மாறினார். நான் விடுதியில் இருந்ததால் தொலைபேசியில்தான் பேச்சு. "தேன் குடிக்கிறேம்மா, உடம்பு லேசா இருக்கு" என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும்.

நான்கு மாதம் கழித்து அரசு கிளினிக்கில் வழக்கமான இரத்தப் பரிசோதனை. எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு, லிட்டருக்கு 1.6 மில்லிமோலில் இருந்து 3.7க்கு ஏறியிருந்தது. ஒருமுறை மாரடைப்பு வந்தவருக்கு அது 1.4க்கும் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்களின் இலக்கு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.8லிருந்து 6.6 ஆகியிருந்தது. எடை மூன்று கிலோ கூடியிருந்தது. மருத்துவர் டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். கொழுப்பு மாத்திரை அட்டைகள் மட்டும் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தன.

அன்று மாலை வீட்டுக்கு ஓடி வந்து கேட்டேன். அப்பா கோபப்படவில்லை. குழப்பத்தோடுதான் பார்த்தார்.

"நீதானேம்மா சொன்னே, தேன் இதயத்துக்கு நல்லதுன்னு. அந்த மாத்திரை தசைவலி கொடுக்கும்னு வாட்ஸ்ஆப்ல வந்துச்சு. இயற்கையா ஒண்ணு இருக்கும்போது ரசாயனம் எதுக்குன்னு விட்டுட்டேன்."

எனக்குப் பதில் வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி வாக்கியத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். 'நல்லது' என்றால், எதற்குப் பதிலாக? சீனிக்குப் பதிலாகவா, மாத்திரைக்குப் பதிலாகவா? இந்தப் பாதியை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அடுத்த சில வாரங்கள், நான் முன்பே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். பல்கலைக்கழக நூலகத்தின் தரவுத்தளத்தில் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்தேன்.

தேன் பற்றிய ஆய்வில் நம் நாடு பின்தங்கியில்லை. கிளந்தான் குபாங் கெரியானில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்தில் துவாலாங் தேனைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். துவாலாங் நம் காடுகளில் 80 மீட்டருக்கும் மேலாக வளரக்கூடிய மரம். அதன் கிளைகளில் மலைத்தேனீக்கள் ஆளுயரக் கூடுகளைத் தொங்கவிடும். கெடாவின் பெடு ஏரிப் பக்கம், நிலவில்லாத இரவில் மரமேறித் தேன் எடுக்கும் மரபு இருக்கிறது. புகையும் தீப்பந்தத்தை மரத்தில் தட்டுவார்கள். பொறிகள் கீழே கொட்டும்போது தேனீக்கள் அவற்றைத் துரத்திக்கொண்டு இறங்கும்.

2015இல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளுக்கு 45 நாள் துவாலாங் தேன் கொடுத்துவிட்டு, பிறகு இதயத் தசையைச் சேதப்படுத்தும் ஐசோபுரோட்டெரெனால் என்ற மருந்தைச் செலுத்தினார்கள். தேன் குடித்த எலிகளின் இதயம் குறைவாகச் சேதமடைந்தது. கொழுப்பும் குறைவாக இருந்தது. இதைப் படித்ததும், 'பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதான்' என்று அப்பாவிடம் ஓடத் தோன்றியது. அளவைப் பார்த்ததும் நின்றேன். எலியின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 3 கிராம். அப்படியே பெருக்கினால் 60 கிலோ மனிதர் தினம் 180 கிராம் தேன் குடிக்க வேண்டும். மருந்தியலில் அப்படி நேராகப் பெருக்குவதில்லை. உடலின் பரப்பளவைக் கணக்கில் கொண்டு எலிக்கான அளவை 6.2ஆல் வகுப்பார்கள். அப்போது 29 கிராம் அளவுக்கு வரும், அதாவது ஒன்றரை மேசைக்கரண்டி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு ஒத்துப்போவதாலேயே பலனும் ஒத்துப்போகும் என்று ஆகிவிடாது. ஊசி போட்டு இரண்டே நாளில் சேதமாக்கிய இளம் எலியின் இதயமும், முப்பது ஆண்டு தே தாரிக், நாசி லெமாக், சிகரெட் என்று மெல்ல மெல்ல அடைபட்ட ஐம்பது வயது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநரின் இதயமும் ஒன்றல்ல.

மனிதர்களிடம் செய்த சோதனைகளைத் தேடினேன். எனக்குக் கிடைத்தவற்றில் ஆகச் சிறந்தது, கனடாவின் டொரோண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. அதுவரை நடந்த 18 சோதனைகளையும் அவற்றில் பங்கேற்ற 1,105 பேரின் முடிவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சராசரியாக நாளுக்கு 40 கிராம் தேன், எட்டு வாரம். அப்பா குடித்த இரண்டு மேசைக்கரண்டியும் ஏறக்குறைய அதே அளவுதான்.

முடிவு தேனுக்குச் சாதகமாகவே இருந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தது, கெட்ட கொழுப்பு குறைந்தது, நல்ல கொழுப்பு சற்றுக் கூடியது. நாளிதழ்களும் இணையத்தளங்களும் இத்தோடு நிறுத்திக்கொண்டன. நான் எண்களைப் பார்த்தேன். கெட்ட கொழுப்பு குறைந்தது லிட்டருக்கு 0.16 மில்லிமோல். அப்பாவின் 3.7இலிருந்து அதைக் கழித்தால் 3.54. அவர் நிறுத்திய மாத்திரையை உயர் அளவில் எடுத்துக்கொண்டால் கெட்ட கொழுப்பை ஏறத்தாழப் பாதியாக்கும். 3.7 என்பது 1.8 பக்கம் வந்துவிடும். ஒரு பக்கம் 0.16, மறுபக்கம் 1.8க்கும் மேல். கெட்ட கொழுப்பு 1 மில்லிமோல் குறையும்போது மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகளுக்கான ஆபத்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல்லாயிரம் நோயாளிகளைக் கொண்ட ஆய்வுகளில் உறுதியான விஷயம். தேனால் மாரடைப்பு குறைந்தது என்று காட்டிய பெரிய சோதனை எதுவும் என் தேடலில் கண்ணில் படவில்லை.

அந்தத் தொகுப்பாய்வில் இன்னும் சில விவரங்கள் உண்டு. பங்கேற்றவர்கள் பொதுவாக நல்ல உணவுப் பழக்கத்தில் இருந்தவர்கள், மொத்த உணவு ஆற்றலில் சர்க்கரையை 10 விழுக்காட்டுக்குள் வைத்திருந்தவர்கள். பலன் தெரிந்தது பெரும்பாலும் பதப்படுத்தாத, ஒரே வகைப் பூவில் எடுத்த தேனில். அழற்சியைக் காட்டும் சில குறியீடுகள் தேன் குடித்தவர்களிடம் கூடவும் செய்தன. ஆய்வாளர்களே பல முடிவுகளின் உறுதித்தன்மையைக் 'குறைவு' என்றுதான் மதிப்பிட்டார்கள். சீனியை விரும்பி உண்பவர்கள் அதற்குப் பதிலாகத் தேன் எடுக்கலாம் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். தேன் உண்ணாதவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை.

அப்பா எதை மாற்றினார்? தே தாரிக் அப்படியே இரண்டு வேளை ஓடியது. அதன் மேல் தேன். ஒரு மேசைக்கரண்டி தேன் ஏறக்குறைய 21 கிராம், அதில் 17 கிராம் சர்க்கரை. இரண்டு கரண்டிக்கு 34. உலகச் சுகாதார நிறுவனம் கட்டுப்படுத்தச் சொல்லும் சர்க்கரைப் பட்டியலில் தேனும் இருக்கிறது. 2,000 கலோரி உண்பவருக்கு நாளைக்கு 50 கிராம் என்பதே அதன் மேல்வரம்பு. அதற்குக் கீழேயும் குறைத்தால் நல்லது என்கிறது. கெட்டிப்பால் ஊற்றிய தேநீருக்கு அப்பாவிடம் மிச்சமிருந்தது 16 கிராம் மட்டுமே. அவருடைய சர்க்கரை ஏறியதற்குத் தேன் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 'லேசாக இருக்கிறது' என்று அவர் சொன்ன உடம்பில் மூன்று கிலோ கூடியிருந்தது என்பது கிளினிக் தராசு சொன்ன செய்தி.

'தேனில் ஃபிளவனாய்டு இருக்கிறதே, குவெர்செட்டின் இருக்கிறதே' என்று வகுப்புத் தோழி ஒருத்தி வாதாடினாள். இருக்கிறது. துவாலாங்கிலும் கெலுலுட்டிலும் இத்தகைய பொருள்கள் மற்றப் பல தேன்களைவிட அதிகம் என்பதால்தான் நம் ஆய்வாளர்கள் அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் குவெர்செட்டின்தான் வேண்டும் என்றால், 100 கிராம் வெங்காயத்தில் 20 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. தேனில் இருப்பது அதில் ஒரு சிறு பங்கு. பாட்டி வைக்கும் சின்ன வெங்காயச் சாம்பாருக்கு இதயத்தின் படம் போட்டு யாரும் விளம்பரம் செய்வதில்லை. அதில் யாருக்கும் கமிஷன் கிடைக்காது.

கெலுலுட்டைப் பற்றி ஒரு நல்ல செய்தியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பண்ணைக்காரருக்கு அநியாயம் செய்தவளாவேன். மலேசியா, ஆஸ்திரேலியா, பிரேசில் நாடுகளின் கொட்டாத தேனீக்களின் தேனை ஆராய்ந்த குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தினர், அதில் டிரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை 100 கிராமுக்கு 13 முதல் 44 கிராம் வரை இருப்பதை 2020இல் வெளியிட்டார்கள். சாதாரணத் தேனில் இது கிடைப்பதில்லை. இது குடலில் மெதுவாகச் செரித்து, குளுக்கோஸை மெல்ல மெல்ல இரத்தத்தில் விடும் சர்க்கரை. சீனியைப்போலச் சட்டென்று ஏற்றாது. நம் நாட்டில் கெலுலுட் தேனுக்கென்றே 2017இல் தனித் தர நிர்ணயம் வந்திருக்கிறது. ஆனால் 'மெதுவாக ஏற்றும்' என்பது 'ஏற்றாது' ஆகிவிடாது. அப்பா நான்கில் மூன்று மாதம் குடித்தது பேரங்காடித் தேன் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 'தேன்' என்ற ஒரே பெயரில் போத்தலுக்குள் இருப்பது ஒன்றல்ல.

மாமா கொண்டுவந்த குப்பிகள்

இதற்குள் செய்தி உறவினர்களுக்குப் பரவியது. பெரிய மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேரடி விற்பனைக் கூட்டம் ஒன்றிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பையில் புரோபோலிஸ் சொட்டு மருந்து, ராயல் ஜெல்லி மாத்திரை, மகரந்தத் தூள். "தேன் சும்மா இனிப்புதான் மாப்பிள்ளே, இதுதான் அசல் சத்து" என்றார். விலையைக் கேட்டு அம்மாவுக்கு நெஞ்சு வலிக்காத குறை.

புரோபோலிஸ் என்பது தேனீக்கள் மரப்பிசினைக் கொண்டுவந்து மெழுகோடு கலந்து கூட்டின் ஓட்டைகளை அடைக்கும் பசை. ராயல் ஜெல்லி, ராணித் தேனீ ஆகப்போகும் புழுவுக்கு ஊட்டும் உணவு. சாதாரணப் புழுவை ராணியாக மாற்றும் உணவு என்பதால் மனிதனையும் ஏதாவது செய்யும் என்று நினைப்பது இயல்புதான். 2007இல் ஜப்பானில் நடந்த ஒரு சிறு சோதனையில், தினம் 6 கிராம் ராயல் ஜெல்லி எடுத்தவர்களின் கெட்ட கொழுப்பு நான்கு வாரத்தில் குறைந்தது. சோதனையில் இருந்தவர்கள் மொத்தமே 15 பேர். எங்கள் பயிற்சி வகுப்பில்கூட அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம்.

மாமாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வயதில் மூத்தவர், அன்போடு வந்திருக்கிறார். நான் ஒன்றை மட்டும் சொன்னேன். ராயல் ஜெல்லி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையோடு சேர்ந்து இரத்தக் கசிவை ஏற்படுத்தியதாக மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையும் வந்திருக்கிறது. "அப்பா இரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரின் சாப்பிடறாரு மாமா. கிளினிக்ல மருந்தாளர்கிட்ட இந்தக் குப்பிகளைக் காட்டிக் கேட்டுட்டு வந்துடறேன்." மாமா யோசித்தார். ராயல் ஜெல்லியைத் தன் பையிலேயே திரும்பப் போட்டுக்கொண்டார். அவருக்கு ஆஸ்துமா உண்டு.

இதயத்தின் மேல் உண்மையாகவே உடனடியாக வேலை செய்யும் தேன் ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. துருக்கியின் கருங்கடல் கரையிலும் நேப்பாள மலைகளிலும் ரோடோடென்ட்ரான் என்ற பூவிலிருந்து தேனீக்கள் எடுப்பது. அதில் கிரேயனோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக உண்டால் தலை சுற்றும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் சரியும், நாடித்துடிப்பு அபாயகரமாகக் குறையும். கி.மு. 401இல் இன்றைய டிராப்ஸோன் பக்கம் வந்த கிரேக்கப் படையினர் அதை உண்டு எழுந்து நிற்க முடியாமல் விழுந்து கிடந்ததை, அந்தப் படையோடு போன செனபோன் எழுதி வைத்திருக்கிறார். இன்றும் இரத்த அழுத்தத்துக்கு நாட்டு மருந்து என்று அதைச் சாப்பிட்டுவிட்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு. 'இயற்கையானது, பக்கவிளைவே இல்லை' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தத் தேன்தான் நினைவுக்கு வருகிறது. நம் கடைகளில் விற்கும் தேனில் இந்த நச்சு பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் எந்தத் தேனையும் நாக்கில் தடவக் கூடாது. அதில் இருக்கக்கூடிய பொட்டுலினம் கிருமியின் வித்துகளைச் சமாளிக்கும் வலிமை குழந்தையின் குடலுக்கு இல்லை.

அரிசிப் பூஞ்சையும் பாட்டியின் சூரணமும்

அப்பாவின் வாதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த 'இயற்கை, ரசாயனம்' என்ற பிரிவினைதான். அவர் தூக்கிப்போட்ட மாத்திரை எங்கிருந்து வந்தது என்று தேடினேன். ஜப்பானிய விஞ்ஞானி எண்டோ அகிரா, 1970களின் தொடக்கத்தில் 6,000க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். தம்மைத் தாக்கும் மற்றக் கிருமிகளைத் தடுக்கக் கொழுப்பு உற்பத்தியை நிறுத்தும் பொருளை ஏதாவது ஒரு பூஞ்சை உண்டாக்கியிருக்கும் என்பது அவருடைய ஊகம். கியோத்தோவின் தானியக்கடை அரிசியில் வளர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சை ஒன்றில் அது கிடைத்தது. ஸ்டேட்டின் குடும்பத்தின் முதல் உறுப்பினர் அது. 1987இல் விற்பனைக்கு வந்த முதல் ஸ்டேட்டினும் பூஞ்சையிலிருந்து எடுத்ததுதான். அப்பா எடுக்கும் அட்டோர்வாஸ்டேட்டின் அதே வழிமுறையைப் பின்பற்றி ஆய்வகத்தில் உருவாக்கியது. நம் உடம்பிலுள்ள கொழுப்பில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. இந்த மாத்திரை அந்தத் தயாரிப்பைத் தடுக்கும்போது, கல்லீரல் தன் தேவைக்கு இரத்தத்தில் ஓடும் கெட்ட கொழுப்பை இழுத்துக்கொள்கிறது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அப்போ அதுவும் பூசணம் பிடிச்ச அரிசிதானா?" என்றார். பல மாதத்துக்குப் பிறகு அந்த மாத்திரையைப் பற்றி எங்கள் வீட்டில் வந்த முதல் சிரிப்பு.

தசைவலியைப் பற்றியும் பேசினோம். அவருக்குத் தோள்பட்டை வலி உண்மை. 2022இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று, ஸ்டேட்டின் எடுப்பவர்கள் சொல்லும் தசைவலியில் பத்தில் ஒன்பதுக்கும் மேலானவற்றுக்கு மாத்திரை காரணமில்லை என்கிறது. மாத்திரையென்று நினைத்து வெறும் மாவை விழுங்கியவர்களுக்கும் அதே அளவு வலித்திருக்கிறது. ஆனால் மீதிப் பேருக்கு மாத்திரைதான் காரணம். அதனால் "உங்களுக்கு வலிக்கவில்லை" என்று நான் சொல்லவில்லை. மருத்துவரிடம் சொல்லுங்கள் என்றேன். அவர் தசைக்கான ஒரு பரிசோதனை செய்து, சேதம் இல்லை என்று கண்டு, அளவைக் குறைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றினார். வலிக்கிறது என்று நான்கு மாதத்துக்கு முன்பே சொல்லியிருந்தால் அன்றே இதைச் செய்திருப்பார். ஆனால் கிளினிக்கில் அவர்கள் முன்னால் உட்காரும் சில நிமிடங்களில் அப்பா எப்போதும் சொல்வது ஒரே பதில்தான். "எல்லாம் நல்லா இருக்கு டாக்டர்."

என் பாட்டிக்கு இந்தக் கதை முழுவதும் தெரியும். தேன் கெட்ட பொருள் என்று நான் முடிவு கட்டிவிட்டதாக நினைத்து அவருக்கு வருத்தம். சளி பிடித்தால் திரிகடுகச் சூரணத்தைத் தேனில் குழைத்து எங்கள் நாக்கில் தடவியவர் அவர். "நான் கொடுத்ததெல்லாம் வீணா?" என்று கேட்டார். நான் அவரிடம் ஒன்று கேட்டேன். "பாட்டி, மருந்து தேனா, சூரணமா?" "சூரணம்தான். தேன் அனுபானம்" என்றார் சட்டென்று. சித்த மருத்துவத்தில் மருந்தை ஏற்றிச் செல்லும் துணைப்பொருளுக்கு அனுபானம் என்று பெயர். தேன், நெய், பால், வெந்நீர் என நோய்க்கும் மருந்துக்கும் ஏற்ப அது மாறும். அதாவது, நம் மரபிலும் தேன் பெரும்பாலும் மருந்தோடு சேர்ந்துதான் வந்திருக்கிறது. மருந்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது, நான் வாங்கி வந்த போத்தலில்தான்.

மாணவர்களாகிய நமக்கு இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்று நினைக்கிறேன். 2022இல் மலேசியாவில் மருத்துவச் சான்றோடு பதிவான இறப்புகளில் 16.1 விழுக்காடு இதயக் குழாய் நோயால் நேர்ந்தவை. முதலிடமும் அதற்குத்தான். 2023இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு அதிகம், ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. நீரிழிவில் நம் இந்தியச் சமூகம்தான் முன்னணியில் நிற்கிறது. அறிவியல் பாடம் எடுத்த பிள்ளை இருக்கும் வீட்டில் வாட்ஸ்ஆப்பில் வரும் ஒவ்வொரு மருத்துவச் செய்தியும் கடைசியில் அந்தப் பிள்ளையிடம்தான் வந்து நிற்கும். நீங்கள் ஐந்தாம் படிவத்தில் உயிரியல் படித்தாலே போதும், உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் அரை மருத்துவர். "ஆமாம், நல்லதுதான்" என்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவோம். என்னைப்போல.

இப்போது தேர்வுக்கால விடுமுறை. அப்பாவின் கெட்ட கொழுப்பு சென்ற மாதம் 1.7. இன்னும் 1.4க்கு வரவில்லை. மருத்துவர் கூடுதலாக ஒரு மாத்திரை சேர்க்கலாமா என்று யோசிக்கிறார். தே தாரிக் இரண்டு வேளையில் ஒன்று, சீனியும் கெட்டிப்பாலும் இல்லாத தே ஓ கோசோங் ஆகியிருக்கிறது. முதல் வாரம் அதைக் குடிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சீனி போட்ட எலுமிச்சைச் சாறு குடிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதில் மட்டும் சீனிக்குப் பதிலாக ஒரு தேக்கரண்டி கெலுலுட் விட்டுக்கொள்கிறார். அந்தப் பண்ணைக்காரரிடமிருந்தே தபாலில் வரவழைத்த போத்தல் அது. நீர்ச்சத்து அதிகமுள்ள தேன், குளிரில் வைக்காவிட்டால் புளித்துவிடும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நேற்று யாரோ அதை மேசையிலேயே விட்டுவிட்டார்கள். மதியம் மூடியைத் திருகியபோது 'உஸ்' என்று காற்று வெளியேறி, நுரை வழிந்தது. அப்பா விரலில் தொட்டு நக்கிப் பார்த்தார். "போன தடவையைவிட இதுதான் நல்லாயிருக்கு" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்லாயிருக்குன்னுதான் சொன்னேன், நல்லதுன்னு சொல்லல" என்றபடி, இரவு மாத்திரைக்கு டப்பாவை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.